250 பவுனில் ஒரு கார்! குழாய்களை எந்த நெருப்பால் ஒட்டுவது?

1996-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு புத்தகம் வெளிவந்தது. உங்கள் ஸ்போர்ட்ஸ் காரை நீங்களே கட்டிக்கொள்ளலாம், 250 பவுன் இருந்தால் போதும் என்பது அதன் தலைப்பின் பொருள்.

பவுன் என்றதும் தங்க நகை நினைவுக்கு வந்துவிட வேண்டாம்! இது அந்த நாட்டு நாணயம். அன்றைய மதிப்பில் 250 பவுன் என்பது நம் பணத்தில் ஏறத்தாழ 14 ஆயிரம் ரூபாய்.

14 ஆயிரம் ரூபாய்க்குக் காரா? ஆம், கார்தான்.

புத்தகத்தை எழுதியவர் ரான் சாம்பியன். அவுண்டில் என்ற ஊரில் உள்ள பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தவர். அவர் சொன்ன வழி இதுதான்: பழைய போர்டு எஸ்கார்ட் கார் ஒன்றை மலிவாக வாங்க வேண்டும். துருப்பிடித்த உடம்பைத் தள்ளிவிட்டு, என்ஜின், கியர் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு 25 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாய்களை வாங்கி, அறுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, எலும்புக்கூடு ஒன்றைச் செய்ய வேண்டும். கழற்றி வைத்த உறுப்புகளை அதில் மாட்டினால் கார் தயார்.

புத்தகத்தைப் படித்த ஏராளமானோர் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே வேலையைத் தொடங்கினார்கள். அந்தக் காருக்கு "லோகாஸ்ட்" என்று பெயரும் வந்துவிட்டது. மலிவு என்று பொருள்.

ஆனால், குழாயை அறுத்து முடித்ததும் எல்லோரும் ஒரே இடத்தில் நின்றார்கள். இவற்றை எதைக் கொண்டு ஒட்டுவது?

விளையாட்டாக எண்ணக்கூடிய கேள்வி அல்ல அது. கட்டியவர் அந்தக் காரில் உட்காரப் போகிறார். பக்கத்தில் அவருடைய மனைவியோ மகனோ உட்காரப் போகிறார்கள். சாலையில் விரைந்து செல்லும்போது முன் சக்கரத்தைத் தாங்கும் ஒட்டு ஒன்று விட்டுப் போனால் என்ன ஆகும்?

பாலம் போன்ற கார்

இந்த வகை எலும்புக்கூட்டை இங்கிலாந்தில் புகழ் பெறச் செய்தவர் காலின் சாப்மன். லோட்டஸ் கார் கம்பெனியை நிறுவியவர். கட்டுமான என்ஜினீயரிங் படித்தவர். லண்டனில் தன் தந்தையின் ஓட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயத்தில்தான் தொடக்கத்தில் அவர் கார் செய்தார்!

ரெயில்வே பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். முக்கோணம் முக்கோணமாக இரும்புச் சட்டங்களைப் பூட்டியிருப்பார்கள். நான்கு குச்சிகளால் ஒரு சதுரம் கட்டி ஓரத்தில் அழுத்தினால் அது சாய்ந்துவிடும். முக்கோணம் சாயாது. இந்தப் பாலத்து வித்தையைத்தான் சாப்மன் காரில் செய்தார். 1957-ம் ஆண்டு வந்த அவருடைய "லோட்டஸ் செவன்" என்ற சின்னஞ்சிறு கார் இப்படிக் கட்டப்பட்டதுதான். சாம்பியனின் மலிவுக் காருக்கும் அதுவே முன்மாதிரி.

ஜெர்மனியில் மெர்சிடிஸ் கம்பெனியும் 1952-ல் 300 எஸ்.எல். என்ற பந்தயக் காரைக் குழாய்களால் கட்டியது. குழாய்கள் பக்கவாட்டில் உயரமாக ஓடியதால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. அதனால் கதவைக் கூரையில் மாட்டினார்கள். பறவை சிறகு விரிப்பதுபோல் அது மேலே திறந்தது. இன்றும் அந்தக் கதவைக் கண்டு மக்கள் வியக்கிறார்கள். அது அலங்காரத்துக்காக வந்தது என்றுதான் பலர் எண்ணுகிறார்கள்!

இத்தகைய கூட்டில் குழாய்கள் மெல்லியவை. சாம்பியன் சொன்ன குழாயின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். நம் கையில் புழங்கும் ஒரு ரூபாய் நாணயத்தின் கனம். பாரம் முழுவதும் மூலைகளுக்கு வந்து சேருகிறது. அந்த மூலைகளில்தான் ஒட்டு இருக்கிறது.

தட்டானின் வெங்காரம்

"பொடி வைத்து ஊதுகிறான்" என்று நாம் சொல்வது உண்டு. தட்டானின் பட்டறையிலிருந்து வந்த பேச்சு அது. நகையில் இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது தட்டான் நகையை உருக்குவதில்லை. உருக்கினால் வேலைப்பாடு கெட்டுவிடும். எளிதில் உருகும் பற்றாசுப் பொடியை மூட்டில் வைத்து, வெங்காரம் தடவி, குழலால் ஊதுகிறார். பொடி மட்டும் உருகி இடுக்கில் ஓடி இரண்டையும் பிடித்துக்கொள்கிறது.

காரிலும் அதே முறை உண்டு. பொடிக்குப் பதில் பித்தளைக் கம்பி, ஊதுகுழலுக்குப் பதில் கேஸ் சுடர். பட்டறைகளில் பிரேசிங் என்பார்கள். பழைய மாதிரி சைக்கிள்களின் குழாய்கள் இப்படித்தான் ஒட்டப்பட்டவை. வண்ணத்தைச் சுரண்டிப் பார்த்தால் மூட்டில் மஞ்சள் உலோகம் தெரியும்.

இரும்பு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி சூடு வேண்டும். பித்தளைக் கம்பி ஏறத்தாழ 900 டிகிரியிலேயே உருகி ஓடிவிடும். சூடு குறைந்தால் குழாய் கோணுவதும் குறையும். வேறொரு நன்மையும் உண்டு. விபத்தில் ஒரு குழாய் வளைந்துவிட்டால் மூட்டைச் சுட்டு அதை மட்டும் கழற்றிவிட்டு வேறு குழாய் வைக்கலாம். பந்தயக்காரர்களுக்கு இது பெரிய வசதி.

1961-ல் வந்து உலகத்தையே மயக்கிய ஜாகுவார் "இ-டைப்" காரின் என்ஜினைத் தாங்கும் முன் கூடு பித்தளையால் ஒட்டப்பட்டதுதான். ரெனால்ட்ஸ் 541 என்ற உயர்ந்த ரக எஃகுக் குழாயை அதற்குப் பயன்படுத்தினார்கள். அந்த மாதிரி மெல்லிய உயர்ரக எஃகை அளவு மீறிச் சுட்டால் மூட்டை அடுத்த இடத்தில் அதன் குணம் மாறிவிடும்.

ஆனால் பித்தளைக்குச் சுத்தம் வேண்டும். துருவோ எண்ணெயோ இருந்தால் பிடிக்காது. குழாய்கள் நன்றாகப் பொருந்தி இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் வெங்காரத்தைக் கழுவி எடுக்காவிட்டால் அங்கே துருப்பிடிக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. பித்தளை ஒட்டிய மூட்டின் மேல் பிறகு மின்சார வெல்டிங் வைக்கவே கூடாது. பித்தளை சூடான எஃகுக்குள் புகுந்து விரிசல் உண்டாக்கிவிடும். பழைய காரை வாங்கிப் பழுது பார்ப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

கார்பைடும் குச்சியும்

மாம்பழத்தைப் பழுக்க வைக்கக் கார்பைடு கல் வைத்தார்கள் என்று செய்தி வருகிறது அல்லவா? அந்தக் கல்லில் தண்ணீர் பட்டால் அசிட்டிலின் என்ற வாயு வரும். அதை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்தால் 3,000 டிகிரிக்கு மேல் சூடு கிடைக்கும். இதுவே கேஸ் வெல்டிங். விமானங்களின் உடம்பு குழாயால் ஆன காலத்தில் அவற்றை இப்படித்தான் ஒட்டினார்கள். கைதேர்ந்தவர் செய்தால் அருமையான ஒட்டு கிடைக்கும். ஆனால் வேலை மெதுவாக நடக்கும். சூடு நாலாபுறமும் பரவிக் குழாயைக் கோணலாக்கும்.

அடுத்தது தெருக்கோடி பட்டறையில் நாம் தினமும் பார்ப்பது. ஒரு கையில் முகமூடி, மறு கையில் ராடு, கண்ணைப் பறிக்கும் நீல ஒளி! ஆர்க் வெல்டிங். இரும்புக் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. மிஷின் மலிவு. காற்றடித்தாலும் வேலை நடக்கும். ஆனால் ஒன்றரை மில்லிமீட்டர் குழாயில் பழகாத கை ராடை வைத்தால் பொத்தல் விழுந்துவிடும். பொத்தலை அடைக்கப் போய் அது இன்னும் பெரிதாகும். மேலே படியும் கசடைத் தட்டி எடுக்காமல் மறு ஓட்டு ஓட்டினால், கசடு உள்ளே சிக்கி ஒட்டு பலவீனப்படும். கனத்த பட்டைகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வது நல்லது.

மிக், டிக்

பெயரைக் கேட்டால் கடிகாரச் சத்தம் போல இருக்கிறது! இரண்டும் 1940-களில் அமெரிக்காவில் வளர்ந்தவை.

டிக் முந்தியது. யுத்த காலத்தில் விமானத்துக்கு மக்னீசியம் என்ற இலேசான உலோகத்தை ஒட்ட வேண்டியிருந்தது. உருகிய நிலையில் காற்று பட்டால் அது தீப்பற்றும். நார்த்ராப் விமானக் கம்பெனியில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர், டங்ஸ்டன் ஊசி முனையில் மின்சாரப் பொறியை உண்டாக்கி, அதைச் சுற்றி ஹீலியம் வாயுவைப் போர்வை போல ஓடவிட்டார். காற்று உள்ளே வர முடியவில்லை. இன்று ஹீலியத்துக்குப் பதில் பெரும்பாலும் ஆர்கான். நம் பட்டறைகளில் இதை ஆர்கான் வெல்டிங் என்றே சொல்கிறார்கள்.

ஒரு கையில் ஊசி, மறு கையில் கம்பி. சூட்டைக் கூட்டிக் குறைக்கக் காலில் மிதி. தையல் மிஷின் போல மூன்றும் இசைந்து போக வேண்டும். பழகிவிட்டால் இதைவிடச் சுத்தமான ஒட்டு கிடையாது. பழகுவதற்குத்தான் மாதக்கணக்கில் பிடிக்கும்.

மிக் 1948-ல் வந்தது. இதில் கம்பி தானாகவே துப்பாக்கி முனையிலிருந்து வந்துகொண்டிருக்கும். அதுவே பொறியும் உண்டாக்கும், அதுவே உருகி ஒட்டும். 1950-களில் மலிவான கார்பன் டை ஆக்சைடு வாயுவை வைத்தே வேலை செய்யலாம் என்று கண்டதும் தொழிற்சாலைகளில் பரவிவிட்டது. அதனால்தான் நம் ஊரில் "சி.ஓ.டூ. வெல்டிங்" என்ற பெயர் நிலைத்தது.

ஒரு கையால் பிடித்துக் குதிரையை அழுத்தினால் போதும். வார இறுதியில் பழகிவிடலாம். மெல்லிய குழாய்க்கு 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் கம்பி பொருத்தம். லோகாஸ்ட் கட்டிய பலர் இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அழகான ஒட்டு ஏமாற்றும்!

அப்படியானால் மிக் வாங்கிவிட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ராடால் வைத்த ஒட்டு மோசமாக இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். மிக் அப்படி இல்லை. சூட்டைக் குறைத்து வைத்து ஓட்டினாலும் கம்பி உருகி, மேலே அழகாகப் படிந்துவிடும். அடியில் குழாய் உருகியே இருக்காது. சுவரில் சாணி ஒட்டியதுபோல் மேலே உட்கார்ந்திருக்கும். வண்ணம் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மேடு பள்ளத்தில் ஓடி ஓடி ஒரு நாள் பிளந்துகொள்ளும். பொத்தல் விழுமோ என்று பயந்து சூட்டைக் குறைப்பவர்களுக்கே இது நேருகிறது.

எனவே குழாயில் கை வைப்பதற்கு முன் அதே கனமுள்ள துண்டுகளில் பழக வேண்டும். ஒரு துண்டின் மேல் மற்றொன்றை நிற்க வைத்து ஒட்டி, வைஸில் பிடித்து, சுத்தியலால் அடித்து மடக்க வேண்டும். குழாயே கிழிந்து ஒட்டு நின்றால் கை தேறிவிட்டது. ஒட்டு பெயர்ந்து வந்தால் மறுபடியும் தொடங்க வேண்டியதுதான். இதில் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து நின்று பார்ப்பது நல்லது. அந்த ஒட்டை நம்பி இருவரும்தானே உட்காரப் போகிறார்கள்! இருக்கை பெல்ட் மாட்டும் இடம், சக்கரக் கை மாட்டும் இடம் ஆகியவற்றை மட்டும் அனுபவமுள்ள தொழிலாளியிடம் கொடுத்து ஒட்டி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சிலர் வேறு விதமாகச் செலவு செய்கிறார்கள். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த விலை உயர்ந்த குழாயை வாங்கி, அதற்காக டிக் மிஷினும் வாங்குகிறார்கள். கூடு விறைப்பாக இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். அது தவறு. அந்தக் குழாய் உடைவதற்கு அதிக பலம் கேட்கும் என்பது உண்மை. ஆனால் அளவும் கனமும் ஒன்றானால், வளைந்துகொடுப்பதில் எந்த எஃகும் ஏறத்தாழ ஒன்றுதான். கனத்தைக் குறைத்து எடையை மிச்சப்படுத்தும் பந்தயக் காருக்கு அது சரி. மாலையில் குடும்பத்தோடு உலா போகும் காருக்கு அந்தப் பணம் வீண்.

கோவை மாணவர்கள்

நம் பக்கத்திலும் இந்த வேலை நடக்காமல் இல்லை. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் இருக்கிறது. பந்தயக் கார்களை வடிவமைத்து ஓட்டிப் புகழ் பெற்று, 1995-ல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் நினைவாக அமைந்த பெயர். "பார்முலா பாரத்" என்ற போட்டி பல ஆண்டுகள் அங்கே நடந்திருக்கிறது. என்ஜினீயரிங் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய சிறு பந்தயக் கார்களோடு வந்து போட்டியிடுகிறார்கள்.

கார் கவிழ்ந்தால் ஓட்டுபவர் தலையைக் காக்க ஒரு வளைகுழாய் உண்டு. அதன் கனம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது இத்தகைய போட்டிகளின் விதி. பரிசோதனையில் தேறாத காரைத் தளத்தில் இறக்க விடமாட்டார்கள். இரவெல்லாம் விழித்துக் கட்டிய மாணவன் கண்ணீர் விட்டாலும் விதி விதிதான்.

இவை தளத்தில் மட்டும் ஓடுபவை. சாலையில் ஓட்டுவது வேறு விஷயம். பதிவு செய்த வண்டியைக் கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. பழைய காரை உடைத்துப் புதுக் கார் செய்ய நினைப்பவர்கள் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் படி ஏற வேண்டும். இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய காரைத் தனியாகப் பரிசோதித்து அனுமதிக்க 1998-ல் ஓர் ஏற்பாடு வந்தது. 2009-ல் அதை மேலும் கடுமையாக்கினார்கள்.

கண்ணும் மூச்சும்

எந்த முறையானாலும் முதலில் எல்லா மூட்டுக்கும் பொட்டு வைத்ததுபோல் ஒரு துளி மட்டும் ஒட்ட வேண்டும். மூலைக்கு மூலை குறுக்காக அளந்து, இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் முழு ஒட்டு. அதையும் ஒரே பக்கமாக ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ஆறும்போது ஒட்டு சுருங்கிக் குழாயை இழுக்கும். இங்கே கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம் என்று மாறி மாறிப் போக வேண்டும்.

வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள். மின்சாரப் பொறியை வெறும் கண்ணால் பார்த்தவர்களுக்கு இரவில் கண்ணில் மணலைக் கொட்டியது போல எரியும். நாகம் பூசிய குழாயைச் சுட்டால் வெள்ளைப் புகை வரும். அதை மூச்சில் இழுத்தால் குளிர் ஜுரம் காணும். பிரேக் துடைக்கும் திரவங்களில் குளோரின் கலந்தவை உண்டு. அதைத் தடவிய இடத்தில் வெல்டிங் பொறி பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு பிறக்கும். முதல் உலக யுத்தத்தில் படை வீரர்களைக் கொன்ற அதே வாயு!

மண்ணெண்ணெய் சொல்லும் சாட்சி

1969-ல் போர்ஷே கம்பெனி 917 என்ற பந்தயக் காரைச் செய்தது. அதன் கூடு அலுமினியக் குழாய்களால் ஆனது. எடை 42 கிலோதான்! ஒரு மனிதனின் எடைகூட இல்லை. அவ்வளவு மெல்லிய கூட்டில் எங்கே விரிசல் விடும் என்று யாருக்குத் தெரியும்? அதற்காகக் குழாய்களுக்குள் வாயுவை அழுத்தி அடைத்து வைத்தார்கள். அந்த அழுத்தம் குறைந்தால் எங்கோ ஓர் ஒட்டு விட்டுவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள்.

கொட்டகையில் கார் கட்டுபவரிடம் அந்த வசதி ஏது? அவருக்குப் பழைய பட்டறை வழி ஒன்று இருக்கிறது. வண்ணம் அடிப்பதற்கு முன் ஒட்டின் மேல் மண்ணெண்ணெயைத் தடவிச் சற்று நேரம் ஊற விட வேண்டும். பிறகு சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்பை மெல்லப் பூசி உலர விட வேண்டும். முடிபோன்ற விரிசல் இருந்தாலும் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெளியே வரும். வெள்ளையின் மேல் கறுப்பாக ஒரு கோடு தெரியும். கோடு தெரிந்த இடத்தை அப்படியே மூடி மறு ஓட்டு ஓட்டக் கூடாது. முழுவதும் ராவி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டி, மறுபடியும் மண்ணெண்ணெய் தடவிப் பார்க்க வேண்டும்.